காரணம் பின்வந்த பெயர்கள்: லாஸ் வேகஸ் குடியிருப்புப் பெயர்களின் வரலாறு

1. முன்னுரை

பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் எனப் பகுத்துக் காணும் முறை நன்னூல் வழியாகத் தமிழ் இலக்கண மரபில் நன்கு நிலைபெற்றதாகும். ஊர்ப்பெயராய்வுக்கும் இப்பகுப்பு பெரிதும் பயன்பட்டு வருகிறது. காரணப்பெயரில் காரணம் முன்னதாகவும் பெயர் பின்னதாகவும் அமையும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. குன்று இருந்தமையால் குன்றத்தூர் எனவும் ஆறு இருந்தமையால் ஆற்றூர் எனவும் வழங்கின என்று விளக்குவதே வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெவாடா மாநிலத்தில், மொஹாவி பாலைநிலத்தின் நடுவே வளர்ந்த லாஸ் வேகஸ் நகரின் குடியிருப்புப் பெயர்களுள் பல இவ்வரிசைக்கு மாறாக அமைந்துள்ளன. பெயர் முதலில் இடப்பட, அதற்குரிய காரணம் பின்னர் நீர் பாய்ச்சி உண்டாக்கப்பட்டது. இந்நகர் விரிந்த வரலாற்றை அதன் பெயர்களின் வழியே நோக்குவதும், அப்பெயர்களை மொழிபெயர்ப்போர் கருத வேண்டியவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஊற்றும் ஊரும்

லாஸ் வேகஸ் என்பது ஸ்பானிய மொழித் தொடர். 'வேகா' என்பது ஈரப்பசையுடன் புல் செழித்த தாழ்நிலத்தைக் குறிக்கும். 'லாஸ்' என்பது பெண்பாற் பன்மைப் பெயருக்கு முன்வரும் சுட்டு. தெற்குப் பையூட் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்த இப்பள்ளத்தாக்கில் இயற்கையான நீரூற்றுகள் இருந்தன. நியூ மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வணிகவழி தேடிச் சென்றோர், 1829ஐ ஒட்டிய காலத்தில், அவ்வூற்றுகளால் விளைந்த புல்நிலம் கருதி இப்பெயரை வழங்கலாயினர். எனவே இது தொடக்கத்தில் ஐயத்திற்கிடமற்ற காரணப்பெயர்.

1844இல் ஜான் ஃப்ரீமாண்ட் இவ்வூற்றுகளைக் கண்டு பதிவு செய்தார். 1855இல் மார்மன் சமயத்தார் இங்கே மண்கோட்டை ஒன்றைக் கட்டி, 1857இல் விட்டுச் சென்றனர். நகரின் தோற்றத்திற்கு வித்திட்டது இருப்புப்பாதையே. நீராவி எஞ்சினுக்கு நீர் இன்றியமையாதது. இப்பாலையில் நீர் கிடைத்த இடம் இது. மொன்டானாவைச் சேர்ந்த செனட்டர் வில்லியம் கிளார்க்கின் இருப்புப்பாதை நிறுவனம் இங்கிருந்த பண்ணையை நீருரிமையுடன் வாங்கியது. 1905 மே மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 1,200 மனைகள் ஏலத்திற்கு விடப்பட்டன. 1909இல் உருவான மாவட்டத்திற்குக் கிளார்க்கின் பெயரே இடப்பட்டது. நிலத்தை விற்றவரின் பெயர் நிலத்தின் பெயராகும் வழக்கம் இவ்வாறு தொடங்கியது. 1911இல் லாஸ் வேகஸ் நகராட்சித் தகுதி பெற்றது.

3. திசைப்பெயர் பெற்ற சமூகப் பொருள்

கிளார்க்கின் ஏலத்திற்கு முன்பே, இருப்புப்பாதைக்கு மேற்கில் மெக்வில்லியம்ஸ் என்னும் நில அளவையாளர் மனைகளைப் பிரித்து விற்றிருந்தார். நீர் வசதி கிழக்கில் அமைந்த புதிய மனைகளுக்கே கிடைத்தது. அதனால் மேற்குப் பகுதி தளர்ந்தது. அப்பகுதிக்கு வழங்கிய 'வெஸ்ட்சைடு' என்னும் பெயர் தொடக்கத்தில் திசையை மட்டுமே குறித்தது.

1930களிலும் 1940களிலும் கறுப்பின மக்கள் நகரின் பிற பகுதிகளிலிருந்து இப்பகுதிக்குத் தள்ளப்பட்டனர். பிறவிடங்களில் கடை நடத்திய கறுப்பினத்தார் மேற்குப் பகுதிக்கு இடம் பெயர்ந்தாலன்றி அவர்களது உரிமத்தைப் புதுப்பிக்க நகராட்சி மறுத்தது. அங்கே செப்பனிட்ட தெருவும் கழிவுநீர் வடிகாலும் நெடுங்காலம் இல்லை. சூதாட்ட விடுதிகளில் உழைத்தோர் அவ்விடுதிகளில் விருந்தினராகத் தங்க இயலவில்லை. 1960 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டிற்குப் பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. வீட்டுவசதியில் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1971இல்தான் வந்தது.

இவ்வகையில் ஒரு திசைச்சொல் இனஒதுக்கலின் பெயராயிற்று. இதனை 'மேற்குப் பகுதி' என்று பெயர்த்தால் சொல்லின் நேர்பொருள் வரும். வரலாற்றுப் பொருள் வராது. இன்று 'வரலாற்றுச் சிறப்புடைய' என்னும் அடையுடன் இப்பெயர் வழங்குகிறது. ஒதுக்கலைக் குறித்த சொல் அங்கு வாழ்ந்தோரின் உரிமைப்பெயராக மாறியமை கருதத்தக்கது.

4. போர்க்காலக் குடியிருப்புகள்

1931இல் மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி ஏற்றது. அவ்வாண்டே ஹூவர் அணையின் கட்டுமானமும் தொடங்கியது. அணை தந்த மின்னாற்றலை நம்பி 1941இல் லாஸ் வேகஸுக்குத் தென்கிழக்கே மக்னீசியத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. தொழிலாளருக்கென எழுந்த குடியிருப்பு பின்னர் சார்லஸ் ஹென்டர்சன் என்னும் முன்னாள் செனட்டரின் பெயரைப் பெற்று, 1953இல் தனி நகரமாயிற்று. அங்கே வெள்ளையருக்கு 'விக்டரி வில்லேஜ்' என்றும் கறுப்பினத்தாருக்கு 'கார்வர் பார்க்' என்றும் தனித்தனிக் குடியிருப்புகள் அமைந்தன. முன்னது போர் வெற்றியைக் குறிக்கும். பின்னது கறுப்பின அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைக் குறிக்கும். யார் எங்கே வாழ வேண்டும் என்பதைப் பெயரே அறிவித்தது.

5. விற்பனைக்கு வந்த பெயர்கள்

போருக்குப் பின் நகரம் நாற்புறமும் பரவியது. புகழ்பெற்ற பெருவிடுதிகள் மிகுந்த சாலை நகராட்சி எல்லைக்கு வெளியே வளர்ந்தது. அதனை நகராட்சி இணைத்துக்கொள்வதைத் தடுக்கும்பொருட்டு 1950இல் 'பாரடைஸ்' என்னும் தனி ஊராட்சிப் பகுதி உருவாக்கப்பட்டது. லாஸ் வேகஸ் என்று உலகோர் கருதும் விடுதிகளுள் பெரும்பாலானவை இன்றும் சட்டப்படி லாஸ் வேகஸ் நகரில் இல்லை. 'துறக்கம்' எனப் பொருள்படும் இச்சொல் ஆட்சியெல்லையின் பெயராகும்.

கிளார்க் மாவட்டத்தின் மக்கள்தொகை 1990இல் 7,41,459; 2000இல் 13,75,765; 2020இல் 22,65,461. இப்பெருக்கத்தைத் தாங்கியவை நிறுவனங்கள் முழுத்திட்டமிட்டு அமைத்த குடியிருப்புகளே. ஹென்டர்சனில் 'கிரீன் வேலி' எழுந்தது. நகரின் மேற்கெல்லையில், ஹோவர்டு ஹியூஸ் 1950களில் பெற்றிருந்த பரந்த நிலத்தில் 'சம்மர்லின்' எழுந்தது. இப்பெயரில் கோடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருப்பதாகத் தோன்றினும், இது ஹியூஸின் தந்தைவழிப் பாட்டியின் குடும்பப்பெயர். காரணப்பெயர் போன்று தோன்றும் இடுகுறிக்கு இது நல்ல சான்று.

சம்மர்லினின் உட்பிரிவுகள் 'வில்லேஜ்' எனப்படுகின்றன. இதனைக் 'கிராமம்' என்று பெயர்ப்பது பிழையாகும். உழவோ பொதுநிலமோ பரம்பரை உறவோ இல்லாத, நிறுவனத்தின் திட்டத்தில் வரைந்த பிரிவுகள் அவை. அவற்றுள் ஒன்றின் பெயர் 'வில்லோஸ்'. வில்லோ நீர்க்கரையில் வளரும் மரம். மேற்கில் 'தி லேக்ஸ்' என்னும் குடியிருப்பில் ஏரி உண்டு. அது வெட்டி நிரப்பிய ஏரி. பெயர் வாக்குறுதியாக நிற்க, நீர் அதனை மெய்ப்பித்தது.

6. நீரும் பெயரும்

பெயரின் மூலமாகிய ஊற்றுகளோ நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்பட்டமையால் 1962இல் மேற்பரப்பில் ஒழுகுவதை நிறுத்தின. அவ்வாண்டுடன் லாஸ் வேகஸ் என்னும் காரணப்பெயர் தன் காரணத்தை இழந்தது. அதன்பின் நகரம் ஹூவர் அணையால் உண்டான மீட் ஏரியையே சார்ந்தது. கொலராடோ ஆற்றில் நெவாடாவுக்குரிய பங்கு ஆண்டுக்கு 3,00,000 ஏக்கர்-அடி மட்டுமே.

2000க்குப் பிந்தைய நீண்ட வறட்சியில் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தது. 2003இல் புதிய வீடுகளின் முன்புறத்தில் புல்தரை அமைப்பது தடைசெய்யப்பட்டது. 2021இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், தனிவீடுகள் நீங்கலாகச் சாலையோரம், வணிக வளாகம் முதலியவற்றில் அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்குக் கொலராடோ ஆற்றுநீர் பாய்ச்சுவதை 2026ஆம் ஆண்டு இறுதியோடு முடிவுக்குக் கொண்டுவர வகை செய்தது. புல்நிலம் எனப் பெயர் கொண்ட நகரம் புல்லை அகற்றச் சட்டம் வேண்டிற்று. 'கிரீன் வேலி' முதலியவற்றுக்கு நீரால் படைக்கப்பட்ட காரணம் நீர் குறைந்தவிடத்துக் குறையும். காரணம் அழியினும் பெயர் அழியாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் லாஸ் வேகஸ் குடியிருப்புப் பெயர்களில் மூன்று நிலைகள் புலனாகின்றன. காரணம் இருந்து பெயர் பிறந்து, பின் காரணம் மறைந்தது ஒன்று. திசைப்பெயர் சமூக ஒதுக்கலால் புதிய பொருளேற்றது மற்றொன்று. பெயர் முந்திப் பிறந்து, காரணம் செயற்கையாகப் பின்வந்தது மூன்றாவது. இம்மூன்றையும் ஒரே முறையில் ஒலிபெயர்த்தாலும் ஒரே முறையில் பொருள்பெயர்த்தாலும் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் பெயரை ஒலிபெயர்ப்பாகவே நிறுத்தி, முதல் வருகையில் அதன் நிலையைச் சிறு விளக்கத்தால் உணர்த்துவது தக்கது. அவ்விளக்கம் சொல்லின் பொருளோடு நில்லாமல், பெயரை இட்டவர் யார், நீர் எவருக்குக் கிடைத்தது, எவர் அங்கே வாழ விடப்பட்டனர் என்பவற்றையும் சுட்டுதல் வேண்டும். குடியிருப்பின் வரலாறு அப்பெயரில் அடங்கியிருப்பது அவ்விடத்தில்தான்.