யாழ்ப்பாணத்தில் படியெடுக்கும் மரபு

பனையோலை சில நூற்றாண்டுகளுக்குள் சிதைந்துவிடும் என்பதால், பழைய நூலொன்று பின்வரும் தலைமுறைக்குக் கிடைக்க வேண்டுமாயின் அதை ஒருவர் புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டியிருந்தது. படியெடுப்பார் அற்ற நூல்கள் மறைந்தே போயின. சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தபோது அந்த ஆபத்து நீங்கியது போலத் தோன்றியது. ஆயினும் உள்ளூர் அச்சகங்களில் சில நூறு படிகளே அச்சாகி மறுபதிப்புக் காணாத நூல்களும், இறந்தவர் நினைவாக அந்தியேட்டிச் சடங்கில் வழங்கப்பட்ட ‘கல்வெட்டு’ எனும் சிறு வெளியீடுகளும் சுவடிகளைப் போலவே அருகிப்போயின. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால் ஒரே இரவில் அழிந்தன.

இவ்விழப்பின் நினைவு மங்காத சமூகத்தில், தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் பக்கம் பக்கமாக மின்வருடி எவரும் இலவசமாகப் படிக்கத் தருகிறது. பெரும் பொருள்வளம் இல்லாத தன்னார்வலர்களுக்கு இது இயன்றதற்குக் கட்டற்ற மென்பொருள், அதாவது எவரும் இயக்கவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள், முதன்மையான காரணமாகும். விக்கிப்பீடியாவுக்கென எழுதப்பட்ட மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளே நூலகத்தின் தளத்தையும் இயக்குகிறது. மீடியாவிக்கியின் இடைமுகத்தைத் தமிழாக்குவதில் முன்னின்றவரும் யாழ்ப்பாணத்தவரே, தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்த இ. மயூரநாதன். ஒருவர் ஒரு தேவைக்காகச் செய்த உழைப்பு, அனுமதியோ கட்டணமோ வேண்டாமல் இன்னொரு பணிக்கும் பயன்படுவதே இவ்வுரிமையின் உண்மையான பெறுமதி.

மென்பொருளுக்குக் கிட்டிய இந்த விடுதலை நூல்களுக்கு எளிதில் கிட்டவில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் கழியும்வரை பதிப்புரிமை நீடிப்பதால், உரிமையாளர் நாடு நாடாகச் சிதறிய ஒரு சமூகத்தில் யாரிடம் இசைவு கேட்பது என்பதே தீராத சிக்கலாகிறது. தம் நூல் படியெடுக்கப்பட்டுப் பகிரப்பட வேண்டுமென விரும்பும் ஈழத்து எழுத்தாளர் ஒவ்வொருவரும் அவ்விசைவைத் தம் வாழ்நாளிலேயே எழுத்தில் தருதல் வேண்டும்.