கட்டை வைத்துக் குள்ளமாக்கிய கார்!

1940-களின் கடைசி. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கிழக்குப் பகுதி. விட்டியர் புலவார்ட் என்கிற அகலமான வீதியில் ஒரு பழைய ஷெவ்ரலே கார் வருகிறது. வருகிறது என்பதைவிட ஊர்கிறது என்று சொல்லலாம்! மாட்டு வண்டி வேகம். பின்பக்கம் தரையை முத்தமிடுவது போல இறங்கியிருக்கிறது. டிக்கியைத் திறந்தால்... உள்ளே மணல் மூட்டைகள்!

எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா? ஓட்டி வந்தவர் ஒரு மெக்ஸிக அமெரிக்க இளைஞர். அவருடைய ஜனங்களை அப்போது ஊர் எப்படி நடத்தியது தெரியுமா? சில ஊர்களில் பொது நீச்சல் குளத்தில் அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் அனுமதி. 1943 ஜூனில், தொளதொளவென்று நீள கோட்டு போட்ட மெக்ஸிக இளைஞர்களைக் கடற்படைச் சிப்பாய்கள் நடுரோட்டில் அடித்து, சட்டையையும் பேண்ட்டையும் உருவிப்போட்டார்கள். உடுப்பே குற்றம்! அப்பேர்ப்பட்ட ஊரில் செகண்ட்ஹேண்ட் கார் வாங்கி, பளபளவென்று துடைத்து, 'என்னை நல்லா பாருங்கடா' என்று மெதுவாக ஓட்டிப் போவது எத்தனை பெரிய சமாச்சாரம் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் காரை வேகத்துக்காகப் பிரித்து மேய்ந்தார்கள். இவர்களோ தாழ்வாக, நிதானமாக! 'லோரைடர்' என்ற பெயர் பிற்பாடு வந்தது.

மணல் மூட்டையில் ஒரு தொல்லை. டிக்கியில் வேறு எதையும் வைக்க முடியாது. அதனால் அடுத்த வழி - கட்டை! நம்மூர் லாரிப் பட்டறையில் 'கமான் பட்டை' என்பார்களே, அதுதான் அந்தக் கார்களின் பின்பக்க ஸ்பிரிங். பட்டைக்கு மேலே ஆக்ஸில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் யூ போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரண்டு, மூன்று அங்குலக் கட்டையைச் செருகி, நீளமான யூ போல்ட்டாகப் போட்டு முடுக்கினால் தீர்ந்தது. கட்டை எத்தனை அங்குலமோ, அத்தனை அங்குலம் கார் இறங்கும்!

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்ஸில் அடியிலிருக்கும் குழியில் போய் உட்கார்ந்தால்தான் ஆக்ஸில் நகராது. நடுவில் செருகிய கட்டைக்கும் கீழே ஒரு குழி, மேலே ஒரு முளை வேண்டும். கொல்லைப்புறத்தில் அவசர அவசரமாக அறுத்த மரக்கட்டையில் இதெல்லாம் எங்கே? நாளாக ஆக மரம் நசுங்கும், பிளக்கும். போல்ட் தளரும். ஒரு பக்கம் ஆக்ஸில் வழுக்கினால் பின் சக்கரங்கள் ஒரு திசை, கார் ஒரு திசை! மெதுவாக ஓட்டியதால் பலர் பிழைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

போலீஸ் சும்மா இருக்குமா? 1958 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம். சக்கரத்தின் இரும்பு ரிம்முக்கும் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது! பாதுகாப்பு என்பது காரணம். ஆனால் யாரை நிறுத்தி டிக்கெட் கொடுக்க இது உதவியது என்று சொல்லவும் வேண்டுமா?

இங்கேதான் ரான் அகிர்ரே என்ற இளைஞர் வருகிறார். இவருடைய 1957 மாடல் கார்வெட் காருக்கும் டிக்கெட் மேல் டிக்கெட். 1959-ல் அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து, உபரி ஹைட்ராலிக் பம்ப்பையும் சிலிண்டர்களையும் காரில் பொருத்தினார்கள். ஸ்விட்ச்சைத் தட்டினால் கார் இறங்கும். போலீஸ் தலை தெரிந்தால் மறுபடி ஒரு தட்டு - கார் எழுந்து மரியாதையாக நிற்கும்! பிறகு, ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட விமானப் பம்ப்புகளுக்கு ஏக கிராக்கி.

இன்னொரு வேடிக்கை. சட்டம் வந்த அதே 1958 மாடலில் ஷெவ்ரலே, பெரிய கார்களின் பின்பக்கக் கமான் பட்டையைத் தூக்கிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தது. கட்டை செருகப் பட்டையே இல்லை! அந்த வருஷம் பிறந்த இம்பாலாதான் ஹைட்ராலிக்காரர்களின் செல்லப் பிள்ளையானது.

1980-களில், இப்படிச் சும்மா உலா வருவதையே தடை செய்ய நகராட்சிகளுக்கு மாநில அரசு அதிகாரம் கொடுத்தது. உலா நின்றதா? சந்து மாறியது, அவ்வளவுதான்.

2017-ல் தலைநகர் வாஷிங்டனில் ஒரு காட்சி. நாடாளுமன்றத்துக்கு எதிரே விரியும் புல்வெளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு 1964 இம்பாலா. உடம்பெல்லாம் ரோஜாப்பூ ஓவியம். பெயர் 'ஜிப்ஸி ரோஸ்'. நாட்டின் சரித்திர வாகனங்களில் ஒன்று என்று மரியாதை! அதே சமயம் கலிஃபோர்னியாவில் தாழ்த்திய கார் இன்னும் குற்றம்தான்.

2023 அக்டோபரில் கவர்னர் கேவின் நியூஸம் கையெழுத்துப் போட்டார். உலாத் தடை, உயரத் தடை இரண்டும் 2024 ஜனவரி 1 அன்று ஒழிந்தன. 1958-ல் சட்டம் அமலுக்கு வந்ததும் ஒரு ஜனவரி 1-தான். சரியாக 66 வருஷம்!