விழுப்புண் முதல் எஸ் 21 வரை

உயிரியல் படிக்கிற யாரிடமாவது "அடுத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேரில் ஒருவராவது மெடிக்கல் கோடிங் என்பார். கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் குறியீடு போடுகிற வேலை. ஏதோ கம்ப்யூட்டர் காலத்துப் புது வேலை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நெஞ்சில் பட்ட காயத்தை வகை பிரித்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் சங்க காலத்திலேயே இருந்தது.

அப்போது வகைகள் இரண்டே. முன்பக்கம் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். முன்னது பெருமை. பின்னது, ஓடும்போது பட்டது என்று பொருள்படும். அதைவிடச் சாவு மேல்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் சேரமான் பெருஞ்சேரலாதன். இடம் வெண்ணி, இன்று திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலம் பக்கம் இருக்கும் கோயில்வெண்ணி. எதிரில் கரிகாலன். முன்னால் நின்று எறிந்த வேல் சேரனின் மார்பைத் துளைத்து முதுகு வழியே வெளியே வந்துவிட்டது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். முதுகில் புண் என்றால் புறப்புண்தானே? அந்த வெட்கத்தில் சேரன் வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூறு 65, 66 ஆம் பாடல்கள் இதைத்தான் பேசுகின்றன. வெண்ணிக் குயத்தியார் ஒருபடி மேலே போய், வென்ற கரிகாலனிடமே "உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா" என்ற பொருளில் கேட்கிறார். என்ன தைரியம்!

இன்றைய தடயவியல் டாக்டர் பார்த்திருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பார்: மார்பில் இருப்பது ஆயுதம் நுழைந்த காயம், முதுகில் இருப்பது வெளியேறிய காயம், அடி ஒன்றுதான். அந்த ஒரு வரிக்குச் சங்க கால வகைப்பாட்டில் இடம் இல்லை.

அங்கிருந்து ஒரே தாவலாக நம்ம ஊருக்கு வருவோம். திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் இருக்கும் மலைக்கு ஔஷதகிரி, அதாவது மருந்து மலை, என்று பெயர். அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. அங்கிருந்து சில கிலோமீட்டரில், 1783 ஜூன் 13 அன்று, கடலூருக்குத் தெற்கே ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படையும் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மோதின. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், ஐரோப்பாவில் அந்த ஜனவரி 20 ஆம் தேதியே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. செய்தி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆனது. அக்காலத்துப் படைகளின் சேதக் கணக்கு எப்படி இருக்கும் தெரியுமா? செத்தவர், காயப்பட்டவர், காணாமல் போனவர். அவ்வளவுதான். நெஞ்சா, காலா என்ற பேச்சே கிடையாது. விழுப்புண்ணாவது பக்கம் சொன்னது!

காயத்தை எண்ணுவதால் உயிர் பிழைக்க வழி தெரியும் என்பதைப் பெரிய அளவில் காட்டியது அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65). அதன் மருத்துவ வரலாற்றைப் பின்னர் பல தொகுதிகளாக அச்சிட்டார்கள். நெஞ்சில் குண்டு பட்ட சுமார் 20,000 பேரை அதில் இரண்டாகப் பிரித்தார்கள்: நெஞ்சறைக்குள் குண்டு போனவர்கள், போகாதவர்கள். போனவர்களில் நூற்றுக்கு 62 பேர் இறந்தார்கள். போகாதவர்களில் நூற்றுக்கு ஒருவர். "நெஞ்சுக் காயம்" என்று ஒரே பெயரில் எழுதியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

சர்வதேச நோய்ப் பட்டியல் 1893-ல் பெர்த்தியோன் தயாரித்ததிலிருந்து தொடங்குகிறது. அது சாவுக்கான காரணங்களின் பட்டியல் மட்டுமே. பிழைத்தவர்களின் நோயும் காயமும் உள்ளே வந்தது 1948-ன் ஆறாம் திருத்தத்தில். பத்தாம் திருத்தத்தில் மார்பின் திறந்த காயத்துக்கு எஸ் 21. அமெரிக்கா தன் ஆஸ்பத்திரிகளில் அதன் விரிவான வடிவத்துக்கு மாறியது 2015 அக்டோபர் 1-ல். அதில் ஒரு கத்திக்குத்துக்கு எஸ் 21.331ஏ என்று போட்டால், துளைத்த காயம், வலப்பக்க முன்மார்பு, நெஞ்சறைக்குள் போயிருக்கிறது, உள்ளே எதுவும் தங்கவில்லை, இப்போதுதான் சிகிச்சை என்று அத்தனையும் அடக்கம். முன்னா பின்னா என்ற நம் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது பாருங்கள், மானம் மட்டும் கழன்றுவிட்டது. (காயம் எப்படி வந்தது என்பதற்குத் தனிக் குறியீடு. அலங்காநல்லூரில் காளை நெஞ்சில் முட்டினால் அமெரிக்கப் பட்டியலில் அது "பசு" என்ற தலைப்பின் கீழ் வரும். மாடுபிடி வீரர்கள் மன்னிப்பார்களாக!)

கோடரின் முதல் விதி, டாக்டர் எழுதாததை நீ ஊகிக்காதே என்பது. உள்ளே போனதாக டாக்டர் எழுதவில்லை என்றால், எக்ஸ்ரே எதைக் காட்டினாலும் கோடர் தானாக அந்தக் குறியீட்டைப் போட முடியாது. டாக்டரிடம் திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் இது பணப் பிரச்சினை. நம்ம ஊரில் ஜெயில் பிரச்சினை.

எப்படி என்கிறீர்களா? அடிதடியில் காயப்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருபவரை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, எந்த ஆயுதம், எத்தனை மணி, இரண்டு அங்க அடையாளம். பிறகு காயச் சான்று: சாதாரண காயமா, கொடுங்காயமா? 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 320 ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு எட்டு வகை சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 116 ஆம் பிரிவு. எட்டாவது வகையின் 20 நாள் வேதனை 15 நாளாகக் குறைந்தது தவிரப் பெரிய மாற்றமில்லை.

அந்த எட்டில் எலும்பு முறிவு இருக்கிறது. நெஞ்சறைக்குள் போன குத்து என்று தனியாக இல்லை. எனவே விலா எலும்பில் ஒரு கீறல் முறிவு இருந்தாலும் நேராகக் கொடுங்காயம். நுரையீரல் வரை போன குத்துக்கு, எலும்பு முறியாவிட்டால், "உயிருக்கு ஆபத்தானது" என்று டாக்டர் எழுதினால்தான் உடனே அந்த வகைக்குள் வரும். ஆயுதத்தால் சாதாரண காயம் என்றால் அதிகபட்சம் 3 ஆண்டு. கொடுங்காயம் என்றால் ஆயுள் வரை போகலாம்.

சிக்கல் என்னவென்றால், நெஞ்சுக் குத்தின் ஆழத்தை வார்டில் குச்சி விட்டு அளக்கக் கூடாது. ரத்தம் மறுபடி கொட்டலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடலாம். அதனால் நீளம், அகலம் மட்டும் எழுதி, "ஆழம் பார்க்கப்படவில்லை" என்றும், எக்ஸ்ரே, ஸ்கேன் வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் குறிப்பார்கள். இது சரியான மருத்துவம்தான். ஆனால் காயப்பட்டவர் அன்று ராத்திரியே வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், அங்கே எடுத்த ஸ்கேனைப் போலீஸ் வாங்கி வந்து முதலில் பார்த்த டாக்டரிடம் கொடுக்க வேண்டும். யாரும் வாங்கி வரவில்லை என்றால், வழக்கு கோர்ட்டுக்குப் போகும்போது அந்தச் சான்றில் ஆழத்துக்கான இடம் காலியாகவே இருக்கும்.