வானை அடுக்கடுக்காய் அளந்த வரலாறு

தங்காக்கிற்கு அண்மையில் நிமிர்ந்து நிற்கும் லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். மேலே ஏற ஏறக் குளிர் மிகுவதை அம்மலை ஏறியோர் அறிவர். இக்குளிர்ச்சி வானின் எல்லை வரை தொடருமா? தொடரும் என்றே அறிஞர் பலரும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் டெய்செரன் தெ போர், கருவிகள் பூட்டிய பலூன்களை நூற்றுக்கணக்கில் பறக்கவிட்டு ஆராய்ந்தார். ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறையாது நிற்பதை 1902இல் அவர் அறிவித்தார். வளிமண்டலம் அடுக்குகளால் ஆனது என்னும் உண்மை இவ்வாறு புலப்பட்டது. நம் நாடு போன்ற வெப்ப நாடுகளில் அவ்வெல்லை 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது.

பலூன்கள் பெரும்பாலும் 30 கிலோமீட்டர் அளவில் வெடித்துவிடும். அதற்கும் மேலுள்ள காற்றை அளக்க ராக்கெட்டே துணை. கேரளக் கடற்கரைச் சிற்றூரான தும்பா, புவியின் காந்த நடுக்கோட்டருகே அமைந்தது. அங்கே ராக்கெட் தளம் காணும் பணிக்கு விக்ரம் சாராபாய் தலைமை ஏற்றார். மரிய மதலேனாள் தேவாலயம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் அமெரிக்க ராக்கெட் ஒன்று சோடியம் ஆவியை வான்வெளியில் உமிழ்ந்து, உயரக் காற்றின் போக்கைக் காட்டிற்று. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமும் அப்பணியில் பங்குகொண்டார்.

அத்தளத்தில் வானிலை ஆய்வுநிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி என்னும் அம்மையார் (1918-2001). ஓசோனை அளக்கும் பலூன் கருவி இந்தியாவிலேயே உருவானதும் அவர்தம் முயற்சியாலன்றோ!

1970 முதல் சோவியத் நாட்டு எம்-100 ராக்கெட்டுகள் புதன்கிழமைதோறும் தும்பாவிலிருந்து ஏவப்பட்டன. அவை 80 கிலோமீட்டருக்கும் மேலே சென்று, வெப்பநிலையையும் காற்றையும் அளந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பணி நீடித்தது. தரையில் நாம் காணும் பருவக்காற்று ஆண்டில் ஒருமுறை தென்மேற்காகவும் ஒருமுறை வடகிழக்காகவும் வீசுகிறது. நடுக்கோட்டை அடுத்த வானில், 40, 50 கிலோமீட்டர் உயரத்திலோ, கீழைக்காற்றும் மேலைக்காற்றும் ஆண்டுக்கு இருமுறை மாறிமாறி வருகின்றன. வேறு வெப்பமண்டலத் தளங்களின் அளவீடுகளோடு தும்பாவின் அளவீடுகளும் இவ்வுண்மைக்குச் சான்றாயின.

ஒரு ராக்கெட் ஒருநாள் வானை மட்டுமே காட்டும். பருவ மாற்றத்தைக் காட்டவல்லது இடையறாத அளவீடே. முதல் ராக்கெட் எழுந்த நாளை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். கலாமின் பெயரையும் அறிவர். அன்னா மாணியின் பெயரையும், ஆரவாரமின்றிக் கடந்த அந்தப் புதன்கிழமைகளையும் அவர்களுக்கு எடுத்துரைப்போர் யார்? அஃது ஆசிரியராகிய நம் கடனேயாம். அறிவியல் வியப்பால் தொடங்கலாம்; பொறுமையால் மட்டுமே வளரும்.