யாழ்ப்பாணத்து ஏ40 கார்களைக் காப்பாற்றிய கைகள்

 

வெளியிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறவர்கள் கோட்டையையும் நூலகத்தையும் நல்லூரையும் படம் எடுத்த பிறகு, கட்டாயம் ஒரு பழைய ஏ40 காரையும் படம் எடுப்பார்கள். "இது இன்னும் ஓடுதா?" என்பதுதான் முதல் கேள்வி. ஓடுகிறது. எப்படி இத்தனை வருடம் ஓடியது என்பதற்குப் பின்னால் நம் ஊரின் எழுபது வருட வரலாறு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கார் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா பெரும் கடனில் இருந்தது. வெளிநாட்டுக்கு விற்று டொலர் கொண்டுவரும் கம்பனிகளுக்குத்தான் அந்த அரசாங்கம் உருக்குத் தகடு பகிர்ந்து கொடுத்தது. பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் லோங்பிறிட்ஜில் இருந்த ஒஸ்ரின் தொழிற்சாலை 1947 இல் ஏ40 டெவன் காரை வெளியே விட்டது. 1952 இல் உருண்டை முதுகு கொண்ட சோமசெற் வந்தது. 1954 வரை ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் சோமசெற் செய்தார்கள். நம் ஊரில் ஏ40 என்றால் பெரும்பாலானவர்களின் மனதில் வருவது இந்தச் சோமசெற்தான். மூக்கில் பறக்கும் 'ஏ' எழுத்து, 1200 சீசீ எஞ்சின், பற்றறி செத்தாலும் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினால் உயிர் வரும்.

இதை வெறும் குடும்பக் கார் என்று நினைக்க வேண்டாம். இதே 1200 சீசீ எஞ்சினுக்கு இரண்டு காபரேற்றர் பூட்டி, அலுமினிய உடம்பு போட்டு, ஏ40 ஸ்போர்ட்ஸ் என்ற திறந்த காரையும் ஒஸ்ரின் விற்றது. 1951 இல் அப்படி ஒரு கார் 21 நாட்களில் உலகைச் சுற்றி வந்தது. கடலைத் தாண்ட மட்டும் அதை விமானத்தில் ஏற்றினார்கள். அடுத்து வந்த ஏ55 கேம்பிறிட்ஜ் காரின் 1489 சீசீ எஞ்சினும், பணக்காரர்கள் பந்தயத்துக்கு ஓட்டிய எம்.ஜி.ஏ ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே குடும்பம். அங்கே பந்தயம் ஓடியதன் உடன்பிறப்பு இங்கே பருத்தித்துறை வீதியில் கலியாண வீட்டுக்கு ஹயர் ஓடியது.

மலாயா பென்சன்காரர், டொக்டர், பிறக்கிராசி, புகையிலை வியாபாரி என்று கையில் காசுள்ளவர்கள் முதலில் வாங்கினார்கள். பிறகு அவை வாடகைக் கார்களாக மாறின. 1960களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறக்கும் வரை இந்த நிலைதான். அதாவது ஒரு தலைமுறைக்குப் புதுக் கார் என்பது கனவு. இருந்த காரைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டும். யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் கெட்டித்தனம் படித்தது இந்தக் காலத்தில்தான். பாகம் இல்லையென்றால் கடைச்சல் பட்டறையில் கடைந்து பூட்டினார்கள்.

இங்கே எங்கள் சமூகத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். சோனகத் தெருவைச் சேர்ந்த பலர் பழைய இரும்பு, இரும்புச் சாமான், லொறித் தொழில் என்று வாழ்ந்தவர்கள். ஓடாத வாகனம் அவர்களுக்குக் குப்பை அல்ல. எந்த வண்டியின் எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்பதை என் வாப்பாவின் வயதுக்காரர்கள் புத்தகம் பார்க்காமல் சொல்வார்கள். காரின் சொந்தக்காரர் தமிழர், பாகம் எடுத்துக் கொடுத்தவர் முஸ்லிம், பூட்டியவர் இருவரில் யாராகவும் இருக்கலாம். அந்த நாளில் அதை யாரும் ஒற்றுமை என்று பெயர் சொல்லிப் பேசியதில்லை. வேலை அப்படித்தான் நடந்தது.

1990 இல் இரண்டு விடயங்கள் நடந்தன. ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. குடாநாட்டுக்குள் பெற்றோல், பற்றறி போன்றவை வருவது தடைப்பட்டது. ஒக்டோபர் 30 அன்று, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வீடு, கடை, வாகனம், நகை எல்லாம் இங்கேயே கிடந்தன. பெரும்பாலானோர் புத்தளத்தில் போய்ச் சேர்ந்தோம். பொருள் போனதை எல்லோரும் பேசுகிறோம். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போக வேண்டிய தொழிலறிவும் அன்றைக்கு அறுந்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இங்கே எஞ்சியிருந்தவர்கள் ஒரு பெரிய வேலை செய்தார்கள். ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இதில் உள்ள விஞ்ஞானத்தை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அடுத்த கேள்வி, புதுக் காரில் ஏன் இது சரிவராது? புதிய எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் ஒன்பது பத்து மடங்கு அழுத்தும். அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்ரனை அடித்து நொறுக்கும். ஏ40 எஞ்சின் ஏறத்தாழ ஏழு மடங்குதான் அழுத்தும். பழையதாக இருந்ததே அதற்குப் பலமாகிவிட்டது. ஆனால் இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும், பெயாரிங் தேயும், ஊரே புகையாகும். அந்தப் புகையோடுதான் பிள்ளைத்தாச்சிகள் ஆஸ்பத்திரி போனார்கள், மையித்துகள் வீடு வந்தன. 1995 ஒக்டோபர் 30 இல், எங்களை அனுப்பிய அதே திகதியில், வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோது, இந்தக் கார்களிலும் மூட்டை முடிச்சுகள் போயின.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. 2006 இல் பூட்டி, 2009 போர் முடிந்த பிறகு மறுபடியும் திறந்தது. புது வான்களும் ஆட்டோக்களும் நிறைந்தன. ஹயர் ஸ்ராண்டில் ஏ40 குறைந்தது. நல்ல விலை வந்தபோது பலர் விற்றார்கள். அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் காசு தேவைப்பட்டது.

இப்போது சில பிள்ளைகள் அப்பப்பாவின் காரைக் கொட்டிலிலிருந்து இழுத்து, வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் திருத்துகிறார்கள். ஒரு சம்பளத்தில் டிங்கர் வேலை, அடுத்த வருடம் பெயின்ற், அதற்கடுத்து சீற். கடற்காற்றின் உப்பு தின்ற தகட்டை வெட்டிப் புதுத் தகடு ஒட்டுவதே மாதக்கணக்கான வேலை. அவர்களுக்கு என் வேண்டுகோள்கள் இரண்டு.

ஒன்று, பழைய இலக்கத் தகட்டை எறியாதீர்கள். இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் அது 'ஸ்ரீ' வருவதற்கு முந்திய கார். 1950களின் பிற்பகுதியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்கு எதிராகத் தார் பூசி, தமிழ் 'ஸ்ரீ' எழுதிய போராட்டம் இந்தத் தகடுகளில்தான் நடந்தது. அது இரும்பில் எழுதிய வரலாறு.

இரண்டு, காரோடு சேர்த்து அந்த அறிவையும் மீட்டெடுங்கள். தகடு, ரயர், றப்பர் எல்லாம் இங்கிலாந்திலிருந்து காசு கொடுத்து எடுக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினைத் தேயாமல் வைத்திருந்த முறையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது எழுபது எண்பது வயது மேக்கானிக் ஐயாமாரிடம் இருக்கிறது. புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கும் எங்கள் மூத்தவர்களிடமும் இருக்கிறது. ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். எந்தப் பாகத்தை எதால் செய்தீர்கள், எங்கே எடுத்தீர்கள், யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள்.

அப்படி எழுதினால் ஒரு காரின் கதையில் தமிழர் பெயரும் முஸ்லிம் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். 1990 க்கு முன் இந்த ஊர் எப்படி இருந்தது என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக் கொண்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்று விடாதீர்கள்.