வெயில் காயும் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு: சுண்ணாம்புச் சத்தை முன்வைத்து

முழங்கால் வலி, இடுப்பு வலி என்று மருத்துவரிடம் போய்வரும் நடுவயதுப் பெண்ணின் கையில் இன்று இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று இரத்தப் பரிசோதனை முடிவு. அதில் வைட்டமின் டி என்ற வரிக்கு நேரே 17 என்றோ 14 என்றோ ஓர் எண்ணும், கீழ்நோக்கிய அம்புக்குறியும். மற்றது மருந்துச் சீட்டு: வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் பொடி. கூடவே, "காலையில இளவெயில்ல கொஞ்ச நேரம் நில்லுங்கம்மா" என்ற அறிவுரை. அன்றாடம் என்ன சாப்பிடுகிறார் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம். நம்மைப் போன்ற வெயில் நாட்டு மக்களின் வைட்டமின் டி குறைபாட்டை, அவர்கள் தட்டில் இல்லாத சுண்ணாம்புச் சத்தோடு, அதாவது கால்சியத்தோடு, சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முழு உருவம் தெரியும்.

இந்தக் குறைபாட்டைப் பற்றிய நம் எண்ணம் குளிர்நாடுகளில் உருவானது. புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் குழந்தைகளின் கால்கள் வில்லாக வளைந்த காலம் அது. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி, புற ஊதா விளக்கொளியைக் காட்டி என்புருக்கி (ரிக்கெட்ஸ்) நோயுற்ற குழந்தைகளைத் தேற்றினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு அந்த நோயை வரவழைத்து, காட் மீன் ஈரல் எண்ணெயால் குணப்படுத்தினார். 1922இல் எல்மர் மெக்காலம் அந்த எண்ணெயில் இருந்த சத்தைப் பிரித்தறிந்து, அதற்கு டி என்ற எழுத்தைச் சூட்டினார். வெயில் இல்லை, ஆகவே நோய் என்ற கதை அங்கிருந்து நிலைபெற்றது. ஆனால் மெல்லன்பியின் நாய்க்குட்டிகள் தின்றது ஓட்ஸ் கஞ்சி. தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் (பைட்டேட்) கால்சியத்தைக் கட்டிப்போட்டு, குடல் அதை ஈர்க்கவிடாமல் செய்கிறது என்பதையும் அவரே பின்னாளில் ஆராய்ந்து எழுதினார். கதையின் இந்தப் பாதியை நாம் மறந்துவிட்டோம். நமக்குப் பயன்படும் பாதி இதுதான்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். தோலில் ஒருவகைக் கொழுப்புப்பொருள் இருக்கிறது. 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள பி வகைப் புற ஊதாக் கதிர் அதன்மேல் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகத் தொடங்கும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது இந்தக் கதிரின் பெரும்பகுதியை ஓசோன் படலமே விழுங்கிவிடும். ஜன்னல் கண்ணாடியும் இதை உள்ளே விடாது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயனுள்ள நேரம் என்பது எளிய கணக்கு. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 21ஆம் தேதி காலை ஏழரை மணிக்குச் சென்னையின் மொட்டைமாடி ஒன்றில் நின்றால், ஐந்தரை அடி ஆளின் நிழல் பதினைந்து அடியைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறும். அன்றே நண்பகலில் அது ஒன்றேகால் அடிக்குச் சுருங்கிவிடும். டிசம்பரிலோ காலை பத்து மணி தாண்டியும் நிழல் ஆளைவிட நீளம். திருப்பதியில் சி. வி. ஹரிநாராயண் குழுவினர், தோலில் இருக்கும் அதே மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்ட பொழுதே சிறந்தது என்று 2013இல் எழுதினார்கள். இளவெயில் உடலுக்கு இதம், மனத்துக்கும் நல்லது. வைட்டமின் டி மட்டும் அதில் மிகக் குறைவு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஓர் அறிவுரை பல்லாயிரம் பேரைத் தவறான நேரத்தில் மாடியில் நிறுத்திவைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்படியானால் உச்சிவெயிலில் களையெடுப்பவருக்குக் குறையே இருக்கக் கூடாது அல்லவா? இதே ஹரிநாராயண் குழு திருப்பதி வட்டாரத்து ஊர்ப்புற, நகர்ப்புற மக்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின் அருமை இங்கேதான். வெயிலில் உழைக்கும் ஊர்ப்புறத்தாரின் அளவு நகரத்தாரைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் வெயிலின் அளவுக்கு ஏற்றபடி அது உயரவில்லை. அவர்களிடையேயும் குறைபாடு இருந்தது. இரு சாராருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: உணவில் கால்சியம் மிகக் குறைவு, பைட்டேட் மிகுதி.

கருமை மிகுந்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும், பெண்கள் உடலை மூடி உடுத்துகிறார்கள் என்பவையும் உண்மையே. ஆயினும் இந்தப் புதிரை முழுதாக அவிழ்ப்பது 1987இல் நேச்சர் இதழில் கிளெமென்ட்ஸ், ஜான்சன், ஃபிரேசர் ஆகியோர் வெளியிட்ட எலி ஆய்வு. உணவில் கால்சியம் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவைக் காக்கப் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்கிறது. அதன் தூண்டுதலால் சிறுநீரகம் வைட்டமின் டியை வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த வீரிய வடிவம் மிகும்போது, கல்லீரல் இரத்தத்தில் சேர்த்துவைத்த இருப்பு வழக்கத்தைவிட வேகமாகச் சிதைந்து வெளியேறுகிறது. பரிசோதனைச் சாலை அளப்பது இந்த இருப்பைத்தான். ஆகவே தாளில் உள்ள தாழ்ந்த எண், வெயில் போதவில்லை என்று மட்டுமன்றி, வந்த வைட்டமின் டி கால்சியத் தட்டுப்பாட்டால் கரைந்தது என்றும் சொல்லக்கூடும். தொட்டியில் நீர் இல்லையென்றால் குழாயை மட்டும் பார்த்தால் போதாது, ஓட்டையையும் பார்க்க வேண்டும்.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயத்துக்கு, நம்மைப் போலவே வெயில் கொளுத்தும் நைஜீரியாவில் விடை இருக்கிறது. அங்கே என்புருக்கி நோய் கண்ட 123 குழந்தைகளை டாம் தாச்சர் குழு மூன்றாகப் பிரித்து 24 வாரம் சிகிச்சை தந்தது. 1999இல் வெளியான அதன் முடிவுப்படி, வைட்டமின் டி மட்டும் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினரே தேறினார்கள். கால்சியம் மட்டும் பெற்றவர்களில் 61 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும் தேறினார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் குறையாக இருந்தது உணவில் கிடைக்கும் கால்சியம்.

இனி நம் தட்டு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும் 600 யூனிட் வைட்டமின் டியும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. ஒருவர் நாள் முழுதும் உண்ணும் 300 கிராம் புழுங்கல் அரிசியில் 30 மில்லிகிராம்கூடத் தேறாது. சாம்பாரில் கரையும் பருப்பில் அதே அளவு. இரண்டு வேளைத் தேநீர்ப் பாலில் நூறு நூற்றைம்பது. எல்லாம் கூட்டினாலும் 300ஐ எட்டினால் பெரிது. கேழ்வரகிலோ 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதிலும் பைட்டேட் உண்டு என்பார்கள், சரிதான். அதனால்தான் கூழ் காய்ச்சும் முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல்நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யை வேகவிட்டு அந்தக் கரைசலை ஊற்றிக் கிண்டி, ஆறியபின் மோர்விட்டுக் கரைத்துக் குடிக்கிறார்கள். புளிக்கும்போது பைட்டேட் சிதைகிறது, மோர் தன் பங்குக்குக் கால்சியத்தைச் சேர்க்கிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவிலும் இதே நன்மை உண்டு. முருங்கைக்கீரை, துவாதசிக்கு மட்டும் நினைவுக்கு வரும் அகத்திக்கீரை, தோல் நீக்காத எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி எல்லாம் நம் சந்தையிலேயே கிடைப்பவை. மத்தி மீன் வைட்டமின் டியையும் சேர்த்தே தரும். முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி செறிவூட்டிய பால் அரை லிட்டரில் 100 முதல் 150 யூனிட். இவை மட்டுமே 600ஐ எட்டாது. வெயிலும் வேண்டும்.

மாத்திரையை நான் வெறுக்கவில்லை. பச்சிளங் குழந்தைக்கு முதல் ஆண்டு முழுதும் நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்தும், எலும்பு மெலிந்து நோயுற்றவர்களுக்கு மருத்துவர் தரும் சிகிச்சையும் கட்டாயம் தேவை. ஆனால் நலமாக இருப்பவர்கள் எல்லாரும் விழுங்க வேண்டிய ஒன்றாக அதை ஆக்கியதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், நாளுக்கு 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்தபோது கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் போதாது என்று 2011இல் சொன்ன அமெரிக்க எண்டோகிரைன் சங்கமே, 2024இல் அந்த எல்லைக்கோட்டைக் கைவிட்டது. நலமானவர்களுக்கு வழக்கமாகப் பரிசோதிக்கவும் வேண்டாம் என்றது. வாரம் ஒன்று என்று எழுதிய பொடியைத் தினம் ஒன்றாகப் போட்டு, வாந்தியும் மலச்சிக்கலும் சிறுநீரகப் பாதிப்புமாக வருவோரும் உண்டு. 60,000 யூனிட் பொடி எழுதும்போது "வாரத்துக்கு ஒன்றுதான்" என்பதை நோயாளி திருப்பிச் சொல்லும்வரை அனுப்பக் கூடாது.

முன்பகல் பத்தரை, பதினொரு மணி வாக்கில் கையும் காலும் வெளியே தெரிய கால் மணி நேரம், இருபது நிமிடம் நடப்பது பலருக்கும் போதும். கத்திரி வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ளலாம். தட்டை மாற்றுவதுதான் கடினம், அதற்கு அரசின் கையும் வேண்டும். தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் தொடங்கியது. சத்துணவில் முட்டை வந்ததுபோல், அந்தக் கேழ்வரகு எல்லா மாவட்டங்களின் அட்டைகளுக்கும் வர வேண்டும். பள்ளிக் காலை உணவிலும் வாரம் இரண்டு நாளாவது இடம்பெற வேண்டும். மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: பொடியை எழுதும் அதே சீட்டில், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, அந்த விடையையும் எழுதிவையுங்கள்.