சேப்பாக்கமா, சிதம்பரமா?

1974-ல் நம் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் முடித்ததும் என் கையில் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம். மற்றது 1929-ல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997-ல்தான். மாரமங்கலத்தில் காபியும் மிளகும் பார்த்துவந்த அப்பாவுக்கோ எல்லாமே தூரம். "சேலத்துக்கு எறங்கிப் படிச்சது போதாதாடா?" என்றார்.

எங்கள் பொருளாதார ஆசிரியர்தான் கில்பர்ட் ஸ்லேட்டரைப் பற்றிச் சொன்னார். 1915-ல் சென்னைக்கு வந்த, இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியர். மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எத்தனை கடன் என்று விசாரித்து எழுதச் செய்தவர். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் கணக்கு 1918-ல் புத்தகமாயிற்று. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். ஊர் நிலவரம் தெரியாமல் சர்க்கார் என்ன திட்டம் போடுவது?

சேப்பாக்கம் என்று அன்றே முடிவாயிற்று. (கடற்காற்றும் ஒரு காரணம், மறைப்பானேன்!)

நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் மாரமங்கலம் அதில் இல்லை. சரி, நாமே எழுதுவோம் என்று லீவில் நோட்டோடு வீடு வீடாகப் போனேன். மலையாளி சனங்கள் எங்கள் ஆட்கள்தானே, "நம்ம பையன் கணக்கெடுக்க வந்துட்டான்"னு சிரித்தார்கள். கடைசியில் எங்கள் வீடு. கடன் என்ற இடத்தில் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: என் படிப்புக்காக, காபி பூக்கும் முன்பே வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். அதையும் எழுதிக்கொண்டேன்.